பால்டிமோரில் மேட்ச் நாள்: புளியோதரை, பிட் பீஃப், அப்புறம் நண்டு

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பால்டிமோருக்கு விருந்தாளி வந்தால் இரண்டு ஆசையோடுதான் வருகிறார்கள். நேரில் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்க வேண்டும், இந்த ஊர் நண்டைச் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டு மறுநாள் நயாகராவுக்குக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நான் முதல் வேலையாக அந்தக் கணக்கைக் கலைத்துவிடுவேன். மேட்ச் நாள் வேறு, நண்டு நாள் வேறு. முழு நண்டை உடைத்துச் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணி நேரமாகும். கை முழங்கை வரை மசாலா, நகக்கண்ணில் எரிச்சல், சட்டையில் தெறிப்பு. அந்தக் கோலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு நடுவில் போய் உட்கார யாருக்கும் மனசு வராது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் பிறந்தவள், பால்டிமோரில் ஒரு மருந்துக்கடையில் வேலை, பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் கும்பகோணம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆக நான் எந்த இடத்துக்குப் போனாலும் இரண்டு வயிற்றுக்கு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பை கட்டுவது

இந்த ஊர் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸின் மைதானம் கேம்டன் யார்ட்ஸ். 1992 ஏப்ரலில் திறந்தது. ஊருக்கு நடுவில், துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இங்கே வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். சினிமா தியேட்டர் வாசலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதை நம்பவே ஒரு சீசன் ஆனது. மதுவகை கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது, டின் கூடாது. தண்ணீர் என்றால் சீல் உடைக்காத பிளாஸ்டிக் பாட்டில். பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற விதி மட்டும் அவ்வப்போது மாறும். முந்தின நாள் அணியின் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து போவது புளியோதரை. தயிர்சாதம் கொண்டுபோய் ஒருமுறை பட்டேன். ஜூலை மாதப் பால்டிமோர் கிட்டத்தட்ட சென்னைதான்; காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) டப்பாவைத் திறந்தபோதே புளிப்பு வாடை. புளியோதரைக்கு அந்தக் கவலை இல்லை. நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, வேர்க்கடலையைக் கடைசியில் கலந்து, அலுமினிய உறையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். பொட்டலமாக இருந்தால் வாசலில் பையைத் திறந்து காட்டவும் சுலபம், மடியில் வைத்துச் சாப்பிடவும் சுலபம். பக்கத்து இருக்கைக்காரர் "அது என்ன?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். ஒரு கரண்டி அதிகம் வையுங்கள்.

வேர்க்கடலையும் தண்ணீரும் மட்டும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். ரயில் நிறுத்தத்திலிருந்தும் துறைமுகத்துப் பக்கத்திலிருந்தும் மைதானத்துக்கு நடந்து வரும் பாதையில் ஐஸ் பெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். ஓடோடு வறுத்த கடலைப் பையும் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் அவர்களிடம் வாங்கினால் உள்ளே கொடுப்பதில் பாதிகூட ஆகாது. கடலைத் தோலைக் காலடியில் போடலாமா என்று தயங்காதீர்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

உள்ளே ஒரே ஒரு பொருள்

மைதானத்துக்குள் விலை எல்லாம் மைதான விலை. அதனால் என் விதி, உள்ளே ஆளுக்கு ஒரே ஒரு பொருள்தான். அந்த ஒன்று எது என்று கேட்டால் அசைவக்காரர்களுக்கு என் பதில் பிட் பீஃப்.

இதையும் பார்பெக்யூ என்று சொன்னாலும், அமெரிக்கத் தெற்கில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் தொங்கவிடும் வகை இல்லை இது. மாட்டின் பின்தொடைக் கறியைப் பெரிய கட்டியாகவே எடுத்து, நேரடி கரி நெருப்பில் வெளிப்புறம் கருகும்படி சுடுகிறார்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கும். பிறகு அந்தக் கட்டியை மெஷினில் வைத்து, மறுபக்கம் தெரிகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, வட்ட ரொட்டிக்குள் குவித்துத் தருவார்கள். மேலே பச்சை வெங்காய வளையமும் டைகர் சாஸும் போட்டுக்கொள்வது நம் வேலை. டைகர் சாஸ் என்பது மயோனைஸோடு ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரைத் துருவிக் கலந்தது. கடுகு மாதிரி நேராக மூக்குக்கு ஏறும். மிளகாயில் வளர்ந்த நாக்குக்கு இது புது அனுபவம். முதல் கடியில் கண்ணில் தண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள், அரை நிமிஷத்தில் போய்விடும். கறி எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்று கேட்டால் "மீடியம்" என்று சொல்லுங்கள். நன்றாக வேகவைக்கச் சொன்னால் மெல்லிய துண்டெல்லாம் தோல் மாதிரி ஆகிவிடும்.

உள்ளே இதற்குப் பேர்போன இடம் பூக் பவலின் கடை. பவல் ஓரியோல்ஸுக்காக "ஃபர்ஸ்ட் பேஸ்" என்ற இடத்தில் நின்று ஆடியவர், 1970இல் பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். மைதானம் திறந்த வருஷமே கடையும் வந்துவிட்டது. வழி கேட்க வேண்டாம், புகையைப் பிடித்துக்கொண்டு போங்கள். மாடு சாப்பிடாதவர்களுக்கு அங்கேயே வான்கோழியும் உண்டு. ஆனால் அது கொஞ்சம் வறண்டது, சாஸை இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யூட்டா தெருவில் நடப்பதுதான் இந்த மைதானத்தின் சுகம். ஊர்த் தெரு ஒன்று அப்படியே மைதானத்துக்குள் வந்துவிட்டது. ஒரு பக்கம் களம், மறுபக்கம் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான பழைய ரயில்வே கிடங்கு, செங்கல் சுவர். களத்தைத் தாண்டி அடித்த பந்துகள், அதாவது ஹோம் ரன்கள், இந்தத் தெருவில் எங்கே விழுந்தனவோ அந்தந்த இடத்தில் பந்து வடிவத்தில் சிறு பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். குனிந்து படிக்கும்போது சாஸ் சொட்டும், ஜாக்கிரதை. கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரர் 1993இல் ஹோம் ரன் போட்டியில் அந்தக் கிடங்குச் சுவரையே அடித்தார். நிஜ ஆட்டத்தில் அதை இதுவரை யாரும் தொட்டதில்லை.

வரிசையில் நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. குறித்த வினாடிக்குள் பந்தை வீச வேண்டும் என்று 2023இல் பந்து வீச்சாளருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். முன்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் இப்போது சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் முடிகிறது. நல்லதுதான், ஆனால் சாப்பாட்டு வரிசையில் இருபது நிமிஷம் நின்றால் முன்பு ஒரு இன்னிங்ஸ் போகும், இப்போது அதைவிட அதிகம் போய்விடுகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி முன்பே உள்ளே போய் வாங்கிவிடுங்கள். தவறினால் எதிரணி பேட் செய்யும் மேல்பாதியில் எழுந்து போங்கள். நம் ஆட்கள் பேட் பிடிக்கும் கீழ்ப்பாதிக்குள் திரும்பிவிடலாம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது கடைப் பக்கம் தலைவைக்காதீர்கள், கழிப்பறைப் பக்கமும்தான். பீர் வேண்டுமென்றால் கடைசி வரை தள்ளிப்போடக் கூடாது. ஆட்டம் முடிவதற்கு முன்பே விற்பனையை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தேசியகீதம் பாடும்போது வாயில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. பாட்டின் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் "ஓ" என்று வரும், மைதானமே சேர்ந்து "ஓ!" என்று கத்தும். ஓரியோல்ஸின் ஓ. அந்தப் பாட்டின் வரிகளே இந்த ஊர்த் துறைமுகத்தில் 1814இல் பிறந்தவை; இந்த உரிமையை யாரும் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். முதல்முறை என் தொண்டையில் கடலை சிக்கிக்கொண்டது.

மைதானத்துக்கு வெளியே

ஆட்டத்துக்கு முன்னால் குடிக்கிற கூட்டம் சேருமிடம் மைதானத்துக்கு நேர் எதிரே, வாஷிங்டன் புலவார்டில். பிக்கிள்ஸ் பப், பக்கத்திலேயே ஸ்லைடர்ஸ். மேட்ச் நாளில் தெருவே ஆரஞ்சு நிறச் சட்டைகளால் நிறைந்துவிடும். உள்ளே கொடுப்பதைவிடக் குறைந்த காசில் இங்கே பீர் கிடைக்கும் என்பதால்தான் அத்தனை கூட்டமும். கையில் பீரோடு பப்பின் எல்லையைத் தாண்டி நடக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தெருவில் குடித்துக்கொண்டு போவது இங்கே சட்டப்படி தப்பு.

குடிப்பதாக இருந்தால் பாஸ்போர்ட் எடுத்துப்போங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், தலை எவ்வளவு நரைத்திருந்தாலும் அடையாள அட்டை கேட்கக்கூடும். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு அப்போது 68. கவுண்டரில் இருந்த பெண் வயதுச் சான்று கேட்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏம்ப்பா, எனக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சான்னு சந்தேகமாம்!" என்று மண்டபத்துக்கு ஃபோன் போட்டுத் தம்பியிடம் சொன்னார். குடித்தது என்னவோ அரை டம்ளர்தான். பாரில் ஒரு கோப்பைக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ வைத்துவிட்டு வருவது வழக்கம். மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் 18 முதல் 20 சதவீதம். பரிமாறுபவர்களின் சம்பளமே பெரும்பாலும் அதுதான், அதில் கை இறுக்க வேண்டாம்.

அந்த பப்புகளிலிருந்து இரண்டு தெரு தள்ளி பழைய பேஸ்பால் மேதை பேப் ரூத் பிறந்த வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். 1895இல் அங்கே பிறந்தார். அவர் அப்பா சாராயக் கடைக்காரர். அவர் நடத்திய கடைகளில் ஒன்று இருந்த இடம் இன்றைக்கு கேம்டன் யார்ட்ஸ் களத்துக்குள்ளேயே, சென்டர் ஃபீல்டில் வருகிறது. உலகத்தின் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரன் சிறுவனாகத் திரிந்த மதுக்கடை மேல்தான் இப்போது புல் வளர்கிறது. பீருக்கு அதிக விலை கொடுத்துவிட்டோமே என்று வருத்தம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வயிற்றை நிரப்ப வேண்டுமானால் பப் வேண்டாம், லெக்சிங்டன் மார்க்கெட்டுக்குப் போங்கள். மைதானத்திலிருந்து வடக்கே கால் மணி நேர நடை. மைதானத்துக்குள் நுழைகிற அதே யூட்டா தெரு வழிதான். 1782இலிருந்து இருக்கும் சந்தை. கட்டடம் இப்போது புதியது. பழையதைப் பார்த்தவர்கள் முனகுவார்கள், எனக்கு ஒன்றும் குறை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சந்தை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபெய்ட்லீஸ் என்று 1886இல் தொடங்கிய மீன்கடை இருக்கிறது. மேட்ச் நாளில் நண்டு கூடாது என்று சொன்ன நானே விதிவிலக்கு வைக்கிற இடம் அது. முழு நண்டு இல்லை, க்ராப் கேக்.

கேக் என்ற பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைக்க வேண்டாம். நண்டுச் சதையை உருண்டையாகப் பிடித்துச் சுட்டது அல்லது பொரித்தது. நல்லதையும் போலியையும் பிரிப்பது சுலபம். முள்கரண்டியால் தொட்டதும் வெள்ளை வெள்ளையாக, சுண்டுவிரல் நுனி அளவுக் கட்டிகளாகச் சரிந்தால் நல்லது. வெட்ட வேண்டியிருந்தால், ஒரே பதமாக மாவு மாதிரி இருந்தால், அது நம் ஊர்க் கட்லெட். காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். "ஜம்போ லம்ப்" என்பது பெரிய கட்டிச் சதை, விலை அதிகம். "லம்ப்", "பேக்ஃபின்" என்று இறங்கிக்கொண்டே போகும். ஃபெய்ட்லீஸில் உயரமான மேஜைகளில் நின்றபடி, உப்பு பிஸ்கட்டோடு சாப்பிடுவது வழக்கம்.

துறைமுகத்தைப் பார்த்தபடி, மெழுகுவர்த்தி வைத்த ஓர் இடத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். தட்டில் வந்தது முக்கால்வாசி ரொட்டித் தூள். அந்தக் கோபத்தில் வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய், ஐஸில் வைத்திருந்த நண்டுச் சதை டப்பாவைப் புரட்டிப் பார்த்தேன். இந்தியாவில் தயாரானது என்று அச்சிட்டிருந்தது. கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பாக் நீரிணையில் வலையில் விழும் நீலக்கால் நண்டின் சதையைப் பிரித்து, டப்பாவில் அடைத்து, அமெரிக்காவுக்கு அனுப்புவது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த தொழில். சின்ன வயதில் கரையில் கூடை கூடையாக எடை போட்டுப் போனதெல்லாம் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பால்டிமோரை ஒட்டிய செஸபீக் விரிகுடாவில் பிடிபடுவது வேறு இனம், ஆனால் இரண்டும் ஒரே நீச்சல் நண்டுக் குடும்பம். கடைசிக் கால் இரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். ஆகவே உள்ளூர் நண்டுதான் வேண்டுமென்றால் "மேரிலாண்ட் ஸ்டைல்" என்ற எழுத்தை நம்பாதீர்கள், அது செய்முறையை மட்டும்தான் சொல்கிறது. "இது மேரிலாண்ட் நண்டா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். நல்ல கடைக்காரர் மழுப்பமாட்டார்.

நண்டு நாள்

இது தனி நாள். மதியம் மூன்று மணிக்கு மேல் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய சட்டை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கையில் சிறு வெட்டு இருந்தால்கூடத் தள்ளிப்போடுவது நல்லது, அந்த மசாலா இரக்கமே இல்லாமல் எரியும்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இங்கே நண்டுக் காலம். கோடையின் கடைசியிலும் அதற்கப்புறமும்தான் நண்டு கனமாக, சதை நிறைந்து இருக்கும். மே மாதத்தில் வந்துவிட்டு ஓடெல்லாம் காலி என்று திட்டுகிறவர்கள் அதிகம். அந்த மாதத்துக்கு வேறு ஒன்று இருக்கிறது. பழைய ஓட்டைத் தானே அப்போதுதான் உதிர்த்த மென்மையான நண்டு, அப்படியே முழுசாகப் பொரித்து ரொட்டிக்குள் வைப்பார்கள், காலெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவை நன்றாக இருக்கும், தோற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விலை டஜன் கணக்கில், நண்டின் அளவைப் பொறுத்து. நாளுக்கு நாள் மாறும் என்பதால் பலகையில் எழுதியிருக்கமாட்டார்கள், ஃபோனில் கேளுங்கள். அப்படியே உங்களுக்கான டஜனை எடுத்து வைக்கவும் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் பெரியவை தீர்ந்துவிடும். நான் போவது லோகஸ்ட் பாயின்ட் பகுதியில் எல்.பி. ஸ்டீமர்ஸ் என்ற நண்டுக் கடைக்கு. ஆளுக்கு ஆறு பெரிய நண்டு போதும், கூடவே சோளம். ஆண் நண்டா பெண் நண்டா என்று தெரிய வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். மடிப்பு ஒல்லியாகக் கோபுரம் மாதிரி இருந்தால் ஆண், அகலமாகக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்தால் பெண். இங்கே ஆணுக்குத்தான் விலை.

மேஜை முழுக்கப் பழுப்புக் காகிதம் விரிப்பார்கள். ஆளுக்கொரு மரச்சுத்தியும் கத்தியும் வரும். பிறகு தட்டுகூட இல்லாமல் ஆவி பறக்கிற நண்டுகளை அப்படியே நடுவில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீரில் வேகவைப்பதில்லை, பீரும் வினிகரும் கலந்த ஆவியில் வேகவைக்கிறார்கள். மேலே செங்கல் நிறத்தில் மசாலா அப்பியிருக்கும். வீடுகளில் எல்லோரும் வைத்திருப்பது ஓல்ட் பே. குஸ்தாவ் ப்ரூன் என்ற யூத மசாலா வியாபாரி நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து 1939இல் இங்கே தொடங்கியது. செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா. நண்டுக் கடைகள் பலவற்றில் ஜே.ஓ. என்ற வேறொரு மசாலாவைத்தான் போடுகிறார்கள். அதில் உப்பு பரலாக இருக்கும், ஓட்டில் நன்றாக ஒட்டும்.

அம்மா முதல்முறை பார்த்தபோது முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, நண்டை முழுசா வேகவெச்சிட்டு மசாலாவ ஓட்டு மேல தூவி வெச்சிருக்கான்? உள்ள எப்படி இறங்கும்?" கேள்வி நியாயமானது. இறங்காது. ஓட்டிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து சதைக்கு. அதுதான் வழி. அதனால் கையைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு வெறும் வெந்த நண்டுதான் கிடைக்கும்.

உடைக்கும் விதம் இது. நண்டைத் திருப்பி, வயிற்று மடிப்பின் நுனியில் கத்தியைக் கொடுத்து நெம்பி, மடிப்பைப் பிய்த்துவிடுங்கள். அந்த இடுக்கில் கட்டைவிரலை நுழைத்து மேல் ஓட்டைத் தூக்கினால் கழன்று வரும். இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது செவுள், அதைத் தூக்கிப் போடுங்கள். நடுவில் மஞ்சளாக இருப்பதை இங்கே கடுகு என்கிறார்கள். கடுகும் இல்லை, சினையும் இல்லை, நண்டின் செரிமானச் சுரப்பி. ஒரு விரல் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போது உடம்பை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் முறித்தால் இரண்டு பாதி. கடைசித் துடுப்புக் காலைப் பிடித்து, மெதுவாக அசைத்து இழுங்கள். அவசரப்படாமல் இழுத்தால் அதன் கூடவே பெரிய சதைக்கட்டி ஒன்று முழுசாக வரும். நண்டு முழுக்க அதைவிட நல்ல வாய் கிடையாது. கொடுக்குக்கு மட்டும்தான் சுத்தி, அதையும் ஓங்கி அடிக்கக் கூடாது. கத்தியைக் குறுக்கே வைத்து அதன் முதுகில் லேசாகத் தட்டி, பாதி வெட்டு விழுந்ததும் கையால் முறியுங்கள். ஓங்கி அடித்தால் ஓட்டுச் சில்லு சதைக்குள் போய்விடும், பக்கத்து மேஜைக்காரர் கண்ணாடியிலும் தெறிக்கும்.

அம்மா சுத்தியைத் தொடவே இல்லை. கொடுக்கைக் கடைவாயில் வைத்து ஒரு கடி. "பல்லு எதுக்குடி இருக்கு?" என் மேஜைக்குப் பரிமாறிய பையன் இன்னொருவனைக் கூட்டி வந்து காட்டினான். நான் ஆறை முடிப்பதற்குள் அவள் ஒன்பது முடித்திருந்தாள், ஒரு காலில்கூடச் சதை விட்டுவைக்கவில்லை. மசாலாவைப் பற்றிய தீர்ப்பு: "பரவால்ல. மிளகு பத்தாது."

மிஞ்சிய கால்களையும் சின்ன நண்டுகளையும் கட்டித் தரச் சொல்லுங்கள். மறுநாள் தட்டிப்போட்டு நண்டு ரசம் வைக்கலாம். உப்பு மட்டும் கடைசிவரை போடாதீர்கள். ஓட்டில் ஒட்டியிருப்பதே போதும், சில சமயம் அதுவே அதிகம்.

நண்டோடு இங்கே குடிப்பது நேஷனல் போஹீமியன், செல்லமாக நாட்டி போ. ஒற்றைக் கண்ணும் மீசையுமாக ஒரு மனிதர் டின்னில் இருப்பார். ஊரில் எங்கே பார்த்தாலும் அவர் முகம்தான், பீர் காய்ச்சுவது மட்டும் இப்போது வேறு ஊரில். சுவை தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உப்புக்கும் காரத்துக்கும் அதுதான் தேவை. நல்ல பீராகக் குடிக்க வேண்டுமானால் வேறொரு நாள் வேவர்லி பகுதியில் பீபாடி ஹைட்ஸ் பீர் ஆலைக்குப் போங்கள். 1944இல் எரிந்துபோன பழைய பேஸ்பால் மைதானம் ஓரியோல் பார்க் இருந்த இடத்தில்தான் அந்த ஆலை இருக்கிறது. சனிக்கிழமை காலை பக்கத்திலேயே 32ஆவது தெரு உழவர் சந்தை கூடும். வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு, அப்படியே போய் ஒரு கோப்பை.

மாடும் நண்டும் வேண்டாதவர்களுக்கு

புளியோதரை தீர்ந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு மைதானத்துக்குள் இருப்பது உப்பு ப்ரெட்ஸல், உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை. வறுவலை எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது, கோழியும் அதே எண்ணெயில் போயிருக்கலாம். வெயில் காலத்தில் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்னோபால் கடை ஏதாவது கண்ணில் படும். சீவிய ஐஸில் சிரப் ஊற்றித் தருவது. நம் ஊர் ஐஸ் கோலாவின் பால்டிமோர் உறவு. எக் கஸ்டர்ட் என்பதுதான் இந்த ஊருக்கே உரிய சுவை; முட்டை தொடாதவர்கள் சிரப்பில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே மார்ஷ்மெல்லோ போடட்டுமா என்று கேட்பார்கள். அதில் ஜெலட்டின் இருக்கலாம், சைவக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உட்ஸ் கம்பெனியின் க்ராப் சிப்ஸ். பெயரில் நண்டு இருக்கிறது, பாக்கெட்டில் கிடையாது. நண்டுக்குத் தூவும் மசாலாவை உருளைக்கிழங்கு சிப்ஸில் தூவியது, அவ்வளவுதான். ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்திலும் எங்கள் வீட்டில் இது நடக்கும். அவர் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படிப்பார்.

"இதுல நண்டு இல்லைதானே?"

"இல்லைங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே" என்பார். இரண்டாவது இன்னிங்ஸுக்குள் பாக்கெட் காலி.